அழையாமல் திறக்கும் செயலிகள்

நுழையும்முன்

கணினியின் பொத்தானை அழுத்துபவர் ஒருவர். அடுத்த சில நிமிடங்களில் அக்கணினி என்னென்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தவர்களோ பலர். அவ்வாறு எழுதிவைக்கப்பட்ட பட்டியல் எங்கே இருக்கிறது, எப்படி வளர்கிறது, அதில் வேண்டாதவற்றை எவ்வாறு நிறுத்துவது என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

வெறுமையிலிருந்து விழிப்பு

மின்சாரம் நின்றதும் கணினியின் முதன்மை நினைவகத்தில் இருந்தவை அனைத்தும் அழிந்துவிடுகின்றன. ஆகவே, ஒவ்வொரு முறை இயக்கப்படும்போதும் கணினி எழுதாத பலகையாகவே விழிக்கிறது. என்ன செய்யவேண்டும் என்னும் கட்டளை அதன் நினைவகத்தில் இல்லை. அக்கட்டளையை வட்டிலிருந்து எடுத்துவர வேண்டும் என்னும் கட்டளையும் இல்லை. இச்சிக்கலைத் தீர்ப்பதற்காகவே தாய்ப்பலகையில் உள்ள சில்லு ஒன்றில் மின்சாரம் நின்றாலும் அழியாத சிறு நிரல் பொதிக்கப்பட்டுள்ளது. பழைய கணினிகளில் பயாஸ் என்றும், இன்றைய கணினிகளில் யூஇஎஃப்ஐ என்றும் வழங்கப்படும் இந்நிரல், நினைவகம், விசைப்பலகை, வட்டு முதலியவற்றைச் சோதித்தபின் வட்டிலுள்ள மற்றொரு நிரலை ஏற்றுகிறது. அந்நிரல் இயங்குதளத்தின் கருவை ஏற்றுகிறது. கரு ஏனைய உறுப்புகளை ஏற்றுகிறது. ஒருவர் தம் காலணியின் வாரைத் தாமே பற்றித் தம்மைத் தூக்கிக்கொள்வது என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரிலிருந்தே, இச்செயலைக் குறிக்கும் 'பூட்' என்னும் கலைச்சொல் பிறந்தது.

பயனர் தம் கடவுச்சொல்லை இட்டு உள்ளே நுழைந்தவுடன் இவ்வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் வேறொரு வேலை தொடங்குகிறது. 'பயனர் நுழைந்ததும் இவற்றைத் திற' என்று குறித்துவைக்கப்பட்ட பட்டியலை இயங்குதளம் எடுத்துப் படித்து, அதிலுள்ள செயலிகளை இயக்குகிறது. உரையாடல் செயலி திறக்கிறது. இசைச் செயலி திறக்கிறது. அச்சுப்பொறியுடன் வந்த உதவி நிரல், மை தீர்ந்துவிட்டதா என்று பார்க்கத் தொடங்குகிறது. திரை தோன்றியபின்னும் சுட்டி நகராமல் நிற்பதும், திறக்கச் சொன்ன கோப்பு நெடுநேரம் திறவாதிருப்பதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பட்டியலை எழுதியவர் யார்?

எம்எஸ்-டாஸ் இயங்குதளம் வழக்கில் இருந்த காலத்தில் இப்பட்டியல் ஒரே கோப்பாக இருந்தது. 'ஆட்டோஎக்ஸிக்' என்பது அதன் பெயர். தானாக இயக்குக என்பது அப்பெயரின் பொருள். அது வெறும் உரைக்கோப்பு. எழுதப்படிக்கத் தெரிந்த எவரும் அதைத் திறந்து வரிவரியாகப் படிக்கலாம். ஒரு நிரல் வேண்டாமெனில் அதற்குரிய வரியின் முன்னே 'ரெம்' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் போதும். அவ்வரி வெறுங்குறிப்பாகிவிடும், கணினி அதைக் கடந்து சென்றுவிடும். மென்பொருள்கள் தாமே அக்கோப்பில் வரி சேர்த்ததும் உண்டு. ஆயினும், சேர்த்தது கண்ணுக்குத் தெரிந்தது.

1995-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95 இந்நிலையை மாற்றியது. அதில் 'ஸ்டார்ட்அப்' என்னும் கோப்புறை இருந்தது. அதில் இடப்பட்ட செயலி தானாகத் திறக்கும். இது பயனர்க்கு எளிது. அதனோடு, 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் பெரும்பதிவேட்டில் 'ரன்' என்னும் பெயருடைய பகுதியும் இருந்தது. அங்கே பதியப்படும் செயலியும் தானாகத் திறக்கும். பொதுப் பயனர் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. தவறாக மாற்றினால் இயங்குதளமே பழுதாகும் என்று அவர்கள் எச்சரிக்கப்படுவதும் இதற்குக் காரணம். ஆனால், ஒரு மென்பொருளின் நிறுவுநிரல் அப்பதிவேட்டில் ஒரு வரி சேர்க்க நொடிப்பொழுது போதும். இவ்வாறு, உரிமையாளர் எழுதிய பட்டியல், மென்பொருள் உருவாக்குநர் எழுதும் பட்டியலாக மாறியது. இன்று கணினி தொடங்கும் நேரத்தைப் பற்றி எழும் முறையீடுகளில் பலவற்றுக்கும் வேர் இந்த மாற்றமே.

உருவாக்குநர் ஏன் இவ்வாறு செய்கின்றனர்? பயனர் அழைக்கும்போது தம் செயலி உடனே தோன்றவேண்டும் என்பது ஒரு காரணம். முன்பே நினைவகத்தில் காத்திருப்பது விரைந்து தோன்றும். புதிய பதிப்பு வந்துள்ளதா என்று சோதிப்பது மற்றொன்று. மறவாமல் கண்முன் நிற்பது மூன்றாவது. இது வணிக நோக்கம். ஒவ்வோர் உருவாக்குநரும் தம் ஒரு செயலியை மட்டுமே எண்ணிப் பார்க்கின்றனர். இருபது செயலிகளின் சுமையைத் தாங்குவது ஒரே கணினி. நிறுவும்போது, 'கணினி தொடங்கும்போது இதையும் தொடங்கு' என்னும் வரியின் அருகே சிறு கட்டத்தில் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திச் செல்பவர் அதைக் காண்பதில்லை. காணாத ஒன்றுக்கு அளித்த இசைவை இசைவு என்பது பொருந்தாது.

சுமை எங்கே விழுகிறது?

ஒரு செயலி திறப்பது என்றால் அதன் கோப்புகள் வட்டிலிருந்து நினைவகத்திற்கு வருவது என்று பொருள். சுழலும் வன்வட்டு உடைய கணினியில் இது இயந்திர வேலை. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. படிக்கும் முனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்கு நகரவும் சில மில்லிநொடிகள் வேண்டும். எனவே, வட்டின் வெவ்வேறு இடங்களில் சிதறிக்கிடக்கும் தரவுகளை அது நொடிக்கு ஏறக்குறைய நூறு இடங்களிலிருந்து மட்டுமே எடுக்க இயலும். ஒரே செயலி தன் கோப்பை வரிசையாகப் படித்தால் முனை அதிகம் அலைவதில்லை. பத்துச் செயலிகள் ஒரே நேரத்தில் கேட்டால், முனை ஒன்றுக்குச் சிறிதும் மற்றொன்றுக்குச் சிறிதுமாக அங்குமிங்கும் ஓடவேண்டியுள்ளது. ஒரே ஒரு பரிமாறுபவர் உள்ள பந்தியில் பத்து இலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் எழுந்தால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேர்கிறது. பத்தும் தனித்தனியே திறக்க ஆகும் நேரங்களின் கூட்டுத்தொகையைவிடப் பத்தும் சேர்ந்து திறக்க ஆகும் நேரம் மிகுதியாவது இதனால்தான்.

எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டில் சுழலும் பகுதி இல்லை. நகரும் முனையும் இல்லை. ஆகவே, இத்தாமதம் அதில் மிகக் குறைவு. அத்தகைய கணினியில் பட்டியலைக் கவனிக்கவேண்டியதில்லை என்று கருதுவதும் தவறு. திறந்த செயலி மூடப்படும்வரை நினைவகத்தில் இடம்பிடித்துக்கொள்கிறது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு வேண்டிய குறைந்த அளவு நினைவகம் 4 ஜிபி. அந்த அளவே உடைய கணினியில் பயன்படுத்தாத ஐந்தாறு செயலிகள் பின்னணியில் அமர்ந்துவிட்டால், மாணவர் திறக்கும் இணைய உலாவிக்கு இடம் போதாமல் போகிறது. இயங்குதளம் நினைவகத்தில் உள்ளவற்றுள் சிலவற்றை வட்டிற்கு மாற்றி இடம் உண்டாக்குகிறது. அவை வேண்டும்போது மீண்டும் எடுத்துவருகிறது. இந்தப் போக்குவரத்தே தடுமாற்றமாக உணரப்படுகிறது. கைப்பேசியின் இணைய இணைப்பைக் கணினிக்குப் பகிர்ந்து பயன்படுத்தும் வீடுகளில், தானாகத் திறந்த செயலிகள் ஒரு நாளுக்குரிய தரவளவைப் பாடம் தொடங்குமுன்பே குறைத்துவிடுவதும் உண்டு.

நல்ல நிலையிலுள்ள கணினி பழையதாகிவிட்டது என்று ஒதுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய கணினி வாங்கும் முன்னர்ப் பட்டியலைப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பட்டியலைக் காணுதல்

விண்டோஸ் 98-இல் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்னும் கருவி சேர்க்கப்பட்டபோதுதான், பதிவேட்டில் மறைந்திருந்த பட்டியல் பயனர்க்கு எளிதாகத் தெரிந்தது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 அதனை 'டாஸ்க் மேனேஜர்' எனப்படும் பணி மேலாளருக்கு மாற்றியது. இன்றும் அது அங்கேயே உள்ளது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் பணி மேலாளர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்னும் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் செயலியின் பெயர், அதனை வெளியிட்டவர், அது இயங்கும் நிலையில் உள்ளதா முடக்கப்பட்டுள்ளதா என்னும் விவரம், தொடக்கத்தில் அது ஏற்படுத்தும் தாக்கம் ஆகியன வரிசையாகத் தோன்றும்.

இவற்றுள் தாக்கம் என்னும் பத்தி கவனிக்கத்தக்கது. தொடக்கத்தின்போது மையச் செயலகத்தின் நேரத்தில் ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் செயலியும், வட்டில் 3 எம்பிக்கு மேல் படிக்கவோ எழுதவோ செய்யும் செயலியும் 'மிகுதி' என்று குறிக்கப்படுகின்றன. 300 மில்லிநொடிக்கும் 300 கேபிக்கும் கீழே நிற்பவை 'குறைவு' எனப்படுகின்றன. இடைப்பட்டவை 'நடுத்தரம்'. ஆக, இச்சொற்கள் செயலி நல்லதா தீயதா என்பதைச் சொல்லவில்லை; எவ்வளவு சுமை என்பதை மட்டுமே சொல்கின்றன. இவ்வேறுபாட்டை உணராமல் 'மிகுதி' என்று கண்டதையெல்லாம் நிறுத்துவோர் பின்னர் இடர்ப்படுகின்றனர்.

வேண்டாத செயலியின் பெயர்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி 'டிஸேபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது முடக்கப்படும். முடக்குதல் வேறு, நீக்குதல் வேறு. முடக்கப்பட்ட செயலி கணினியிலேயே இருக்கும், அழைத்தால் வரும், அழையாமல் வராது. அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் செயலியை இம்மாற்றம் மூடாது. அடுத்த தொடக்கத்திலிருந்தே இது நடைமுறைக்கு வரும். முடிவில் மனம் மாறினால் அதே இடத்தில் மீண்டும் இயங்கச் செய்யலாம். ஆகவே, இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, அவசரப்படுவதற்கும் ஒன்றுமில்லை.

ஸ்டார்ட்அப் கோப்புறையை நேரில் காணவேண்டுமெனில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தித் தோன்றும் பெட்டியில், 'ஷெல்' என்னும் சொல், முக்காற்புள்ளி, 'ஸ்டார்ட்அப்' என்னும் சொல் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யவேண்டும். அங்கே உள்ள குறுக்குவழியை நீக்கினால் செயலி நீங்காது. தானாகத் திறக்கும் வழக்கம் மட்டும் நீங்கும்.

எதை நிறுத்துவது, எதை விடுவது?

தமிழில் தட்டச்சு செய்வோர் பலர் எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற மென்பொருள்களுள் ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். விசைப்பலகையில் எழுத்துகளை அழுத்தும்போது இடையில் நின்று அவற்றைத் தமிழெழுத்தாக மாற்றித் தருவது அம்மென்பொருளின் பணி. அது பின்னணியில் இயங்கிக்கொண்டிருந்தால்தான் 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையிலோ வேறு முறையிலோ தட்டச்சு செய்யமுடியும். பெயர் அறிமுகமில்லை என்று ஒருவர் இதனைப் பட்டியலில் முடக்கிவிட்டால், மறுநாள் விண்ணப்பம் எழுத அமர்பவர் எந்த விசையை அழுத்தினாலும் ஆங்கில எழுத்தே வரும். விசைப்பலகை பழுதாகிவிட்டது என்றே அவர் எண்ணுவார். நாள்தோறும் தமிழில் எழுதுபவர்க்கு இது முதலில் திறக்கவேண்டிய செயலி. ஆண்டுக்கொரு முறை எழுதுபவர்க்கு அழைக்கும்போது வந்தால் போதும். ஒரே செயலி ஒருவர்க்குத் தேவையாகவும் மற்றொருவர்க்குச் சுமையாகவும் இருப்பதால், 'நிறுத்தவேண்டியவை' என்று பொதுப்பட்டியல் தருவது பயனற்றது.

ஆயினும், சிலவற்றைத் தொடாமல் விடுவதே அறிவு. வைரஸ் தடுப்பு மென்பொருள் தொடக்கத்திலேயே விழித்திருக்கவேண்டும். கதவு திறந்தபின் வரும் காவலரால் பயனில்லை. மடிக்கணினியின் தொடுபலகை, ஒலி, திரை ஆகியவற்றோடு தொடர்புடைய உதவி நிரல்களை முடக்கினால் சில வசதிகள் மறையும். இணைய வழியில் கோப்புகளைச் சேமிக்கும் செயலி சற்றே எண்ணிப் பார்க்கத்தக்கது. அதனை முடக்கினால் கணினி விரைவாகும். ஆனால், மாணவர் எழுதிய செயல்திட்ட அறிக்கையின் படி இணையத்தில் சேராமல் கணினியில் மட்டுமே இருக்கும். வட்டு பழுதானால் அறிக்கையும் போகும். முடக்குவோர் இதனை அறிந்தே முடக்கவேண்டும். உரையாடல், கூட்டம், இசை, விளையாட்டு ஆகியவற்றுக்கான செயலிகளைப் பெரும்பாலும் தயங்காமல் நிறுத்தலாம்.

பெயர் புரியாதவற்றுக்கு ஒரு வழி உண்டு. வலப்பொத்தானை அழுத்தினால் அச்செயலியின் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் வாய்ப்பும், இணையத்தில் அதைத் தேடும் வாய்ப்பும் கிடைக்கும். இவற்றால் ஐயம் தீராவிட்டால், அந்த ஒன்றை மட்டும் முடக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்து இரண்டு நாள் பயன்படுத்திப் பார்க்கலாம். பத்தையும் ஒரே நேரத்தில் முடக்கியவர்க்கு, குறை தோன்றும்போது அது எதனால் வந்தது என்பதைக் கண்டறிய வழியில்லை.

தீயோர் கண்ட வழி

அழையாமல் திறப்பது நல்ல செயலிகளுக்கு மட்டும் உரிய வசதியன்று. 2000-ஆம் ஆண்டு மே 4 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பரவத் தொடங்கிய 'ஐ லவ் யூ' என்னும் தீநிரல், காதல் கடிதம் போன்ற மின்னஞ்சல் இணைப்பாக வந்தது. அதைத் திறந்தவரின் கணினியில் அது செய்த செயல்களுள் ஒன்று, பதிவேட்டின் ரன் பகுதியில் தன்னைப் பதிந்துகொண்டது. கணினியை அணைத்துவிட்டால் தீர்ந்தது என்று கருதியவர்கள் அதை மீண்டும் இயக்கியபோது, தீநிரலும் உடன் விழித்தது. பதிவேட்டில் அது சூட்டிக்கொண்ட பெயர் 'எம்எஸ்கெர்னல்32'. விண்டோஸின் ஓர் உறுப்பைப் போலவே ஒலிக்கும் பெயர் அது. பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து ஒன்றை நம்புவது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வெளியிட்டவர் பெயரையும், கோப்பு இருக்கும் இடத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானாக இயங்கும் வசதியும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டது. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் தீநிரல் பரவிய வழிகளுள் அதுவும் ஒன்று. விண்டோஸ் 7-இல் பென்டிரைவுகளுக்கு அவ்வசதி நிறுத்தப்பட்டது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் அத்தடையை நீட்டித்தது.

பணி மேலாளர் காட்டுவது முழுப்பட்டியல் அன்று. குறித்த நேரத்தில் பணிகளைத் தொடங்கும் 'டாஸ்க் ஷெட்யூலர்', பின்னணிச் சேவைகள், உலாவியின் இணைப்புகள் எனத் தானாக இயங்கும் வாயில்கள் இன்னும் பல உள்ளன. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் ஆகியோர் உருவாக்கிய 'ஆட்டோரன்ஸ்' என்னும் இலவசக் கருவி அவ்வாயில்கள் அனைத்தையும் ஒரே திரையில் காட்டுகிறது. அதன் பட்டியல் மிக நீளமானது. பட்டறிவு உடையோர் துணையின்றி அதில் எதையும் மாற்றுவது நன்றன்று.

நிறுத்தியும் திறந்தால்

முடக்கிய செயலி மறுநாள் மீண்டும் திறப்பதைக் கண்டு சிலர் சலிப்படைவர். காரணம் பெரும்பாலும் எளிது. சில செயலிகள் தம் அமைப்புகளில் 'தொடக்கத்தில் திற' என்னும் குறியைத் தனியே வைத்திருக்கின்றன. புதிய பதிப்பு நிறுவப்படும்போது பட்டியலில் தம்மை மீண்டும் சேர்த்துக்கொள்கின்றன. அத்தகைய செயலியைப் பொறுத்தவரை அதன் உள்ளேயே சென்று குறியை நீக்கவேண்டும். வேறொரு காரணமும் உண்டு. கணினியை அணைத்தபோது திறந்திருந்த செயலிகளை நினைவில் வைத்து, மீண்டும் நுழையும்போது திறந்து தரும் வசதி விண்டோஸிலும் ஆப்பிள் கணினிகளிலும் உள்ளது. இது பட்டியலைச் சாராதது. விண்டோஸில் பயனர் கணக்கின் அமைப்புகளில் நிறுத்தப்படுவது.

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் விரைவுத் தொடக்க முறை வந்தபின், அணைத்து இயக்குவதும் மறுதொடக்கம் செய்வதும் ஒன்றாக இல்லை. இம்முறை இயங்கும் கணினியை அணைக்கும்போது, இயங்குதளக் கருவின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. மாற்றத்தைச் சோதிப்பவர் 'ரீஸ்டார்ட்' என்பதையே பயன்படுத்தவேண்டும். ஏதேனும் முடக்கியபின் கணினி சரிவர இயங்காவிட்டால் 'சேஃப் மோட்' என்னும் பாதுகாப்பு முறையில் தொடங்கலாம். இன்றியமையாத உறுப்புகளை மட்டுமே அம்முறை ஏற்றுகிறது.

பிற இயங்குதளங்களில்

ஆப்பிள் கணினிகளில் இப்பட்டியல் 'லாகின் ஐட்டம்ஸ்' எனப்படும். 2022-இல் வெளிவந்த வென்ச்சுரா பதிப்பு முதல், ஒரு செயலி பட்டியலில் தன்னைச் சேர்க்கும்போதே அச்செய்தி பயனர்க்கு அறிவிக்கப்படுகிறது. எல்லா இயங்குதளங்களும் மேற்கொள்ளத்தக்க நடைமுறை இது. லினக்ஸ் வகைகள் பலவற்றில் பயனரின் தனிக்கோப்புறைக்குள் 'ஆட்டோஸ்டார்ட்' என்னும் சிறு கோப்புறை உள்ளது. அதிலுள்ள கோப்புகள் எளிய உரைக்கோப்புகளே. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டு மாணவர்க்கு வழங்கப்பட்ட கணினிகளில் இடம்பெற்ற பாஸ் லினக்ஸும் இவ்வகையைச் சார்ந்தது. தொடக்கத்தில் எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று வரிசைப்படுத்திக் காட்டும் கட்டளையும் இன்றைய லினக்ஸ் வகைகள் பலவற்றில் உண்டு. 'குற்றஞ்சாட்டு' என்னும் பொருள்படும் சொல்லையே அக்கட்டளைக்குப் பெயராக வைத்திருப்பது சற்று நகைச்சுவையானது.

திறன்பேசியிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு முழுமையாக விழித்ததும் 'தொடக்கம் முடிந்தது' என்னும் அறிவிப்பைச் செயலிகளுக்கு அனுப்புகிறது. அதைப் பெறும் உரிமையைச் செயலி நிறுவப்படும்போதே பெற்றுக்கொள்கிறது. பயனரிடம் தனியே கேட்பதில்லை. 2011-இல் வந்த 3.1 பதிப்பு முதல், நிறுவியபின் ஒருமுறையேனும் பயனரால் திறக்கப்படாத செயலிக்கு அவ்வறிவிப்பு செல்வதில்லை. கைப்பேசிகள் சிலவற்றின் அமைப்புகளில் 'ஆட்டோஸ்டார்ட்' என்னும் பகுதி உண்டு. அங்கே ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே தடை விதிக்கலாம். செய்திச் செயலிக்குத் தடை விதித்தால், திறந்து பார்க்கும்வரை செய்தி வந்ததே தெரியாமல் போகலாம்.

பள்ளி ஆய்வகத்திலும் இணைய மையத்திலும் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துகின்றனர். அங்கே ஒரு மாணவர் தம் உரையாடல் செயலியிலிருந்து வெளியேறாமல் எழுந்து சென்றால், அடுத்த நாள் காலை கணினியை இயக்குபவர்முன் அவருடைய செய்திகள் தாமாகவே திறந்து நிற்கும். அத்தகைய பொதுக்கணினிகளில் பட்டியலைத் திருத்தும் பொறுப்பு நிர்வாகியுடையது. எழுந்து செல்லுமுன் செயலியிலிருந்து வெளியேறும் பொறுப்பு மாணவருடையது.